மரத்தடிச் சாமிகள்

மழை பிடித்துக்கொண்டது. தைப்பிங்கில் மழை பெய்வதெல்லாம் ஒரு செய்தியா, ஆனாலும் இன்றைக்குப் பெய்வது எனக்காகவே பெய்கிற மாதிரி இருக்கிறது. மழையைச் சாக்கு வைத்து அவள் வராமல் இருந்துவிடலாம், நானும் மழையை நாலு திட்டுத் திட்டிவிட்டு இந்தப் பிரம்பு நாற்காலியிலேயே கண் அசந்துவிடலாம். அவள் என்றால் என் அக்கா. அக்கா, அக்கா என்று சொல்லிப் பார்க்கிறேன், புதிதாகக் கட்டிய பல்லை நாக்கு சும்மா விடாதே, அப்படி வாய் அதையே தடவிக்கொண்டிருக்கிறது. பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு ஒருத்திக்கு அக்கா முளைக்கிறாள் என்றால் யாராவது நம்புவார்களா. சியூ லான் என்று பெயர். பாகான் செராய்க்குப் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தடியில் மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பம், அதில் மூத்தவள் அவள், கடைசி நான். பிறந்து ஒரு மாதம் ஆகுமுன்னே என்னைத் தோட்டத்துத் தமிழ்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கொடுக்கப்பட்ட பெண்பிள்ளைகள் நிறையப் பேர், சேலை கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கிற சீன முகங்களை இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பார்க்கலாம், ஆகவே நான் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை. என் மகள் கஸ்தூரிதான் கடையைத் தேடிப் பிடித்தாள். பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், பெற்றவரும் போய்விட்டார், நடுவில் பிறந்தவர்களும் இல்லை, மிச்சம் இந்த அக்கா ஒருத்தி. அழைத்துவரக் கஸ்தூரி காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு அக்காவிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான். என்னை ஏன் கொடுத்தீர்கள்? அதைக் கேட்டுவிட்டுச் செத்தால் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன், இப்போது கேட்காமலே செத்தாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் இந்தச் சாமிகளை என்ன செய்வது. கூடத்தில் மூன்று சுவரும் சீனச் சாமிகள். துவா பெக் கோங் மட்டுமே ஒரு தட்டு முழுக்க, வெள்ளைத்தாடி, கையில் தங்கக்கட்டி, எல்லோரும் வட்டிக்கு விடாத நல்ல தாத்தா மாதிரிச் சிரித்துக்கொண்டு. குவான் யின் அம்மன்கள் பீங்கானில், மரத்தில், புகையேறிக் கறுத்துப்போன ஒன்று எந்த மரம் என்றே தெரியாமல். மேசைக்கடியில் புலிச்சாமி, அது தரையில்தான் இருக்க வேண்டுமாம், மேலே தூக்கி வைத்தால் கோபம் வருமாம். அடுப்படிச் சாமியின் பலகை அடுப்படியில். நண்டும் தாமரையும் செதுக்கித் தங்கத்தகடு ஒட்டிய பூசைமேடைப் பலகை ஒன்று, எந்தக் கோயிலை இடித்தபோது வந்ததோ. சிவப்புப் பட்டில் எட்டுச் சித்தர்கள் தைத்த மேசைத்திரை. கஸ்தூரி கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள், "அம்மா, அவங்க வர்றதுக்குள்ள துணிய கிணிய போட்டு மூடி வச்சிருங்க. அடுத்தவங்க வீட்டுச் சாமிய சீனவங்க வீட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க. பயந்துக்குவாங்க." அவள் சொல்வது சரிதான். எனக்கே தெரியும். ஓங் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ஓங், அவர் விற்கிற சாமிகள் எல்லாம் முறைப்படி சடங்கு செய்து உயிரை இறக்கிவிட்டு வந்தவை, வெறும் கட்டை, பயமில்லை. மரத்தடியில் கிடக்கிறது அப்படி இல்லை டீச்சர், உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும், தயவுசெய்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எனக்கோ மரத்தடிச் சாமிகள்தான் உயிர்.

அப்படித்தான் இது தொடங்கியது. பள்ளிக்கூடம் விட்டு நடந்து வருவேன், ஏரிக்கரை ஓரத்தில் பெரிய ஆலமரம், அதன் வேர்களுக்கு நடுவே சீனக் குடும்பங்கள் வேண்டாத சாமிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பாட்டன் செத்து, பேரப்பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் போய், கும்பிட ஆள் இல்லையென்றால் சாமியைக் குப்பையில் போட முடியாது, உடைக்க முடியாது, மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். கண்ணை மறைத்துச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருப்பார்கள், சாமிக்கு வீட்டுக்குத் திரும்பி வரும் வழி தெரியக்கூடாதாம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கீழே பார்த்தால் கையளவு அம்மன், காகிதம் நனைந்து சாயம் கன்னத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்வேன், எடுத்து முந்தானையில் துடைத்துப் பைக்குள் பரீட்சைத் தாள்களோடு வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். பிறகு இதற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன், கலை, செதுக்கு வேலை, பழைமை, கேட்கிறவர்களுக்குத் தகுந்த மாதிரி. உண்மை வேறு. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்களே, அதுதான். அதைச் சொன்னால் எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், எனக்கு ஐயோ பாவம் ஆகாது. என் வீட்டுக்காரர் ஜெகநாதன் மட்டும் கேட்கவே இல்லை. ஆணியடித்துத் தட்டு மாட்டிக் கொடுத்தார், இடம் போதாமல் போனபோது தன் கேரம் பலகையைக் கழற்றி அதையும் தட்டாக்கினார். "வீட்டுல எல்லா சாமியும் சீனம் பேசுது, நீ தமிழ்ல திட்டுற, நல்ல பொருத்தம்" என்பார். போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்றைக்கு இருந்திருந்தால் வாசலில் நின்று மச்சினியை வரவேற்றிருப்பார், நான் உள்ளே ஒளிந்திருக்கலாம்.

துணி போட்டு மூடலாம் என்று எழுந்து பீரோவிலிருந்து இரண்டு பழைய கைத்தறிச் சேலை எடுத்தேன், துவா பெக் கோங் தட்டின் மேல் விரித்தேன், வரிசையாகத் தலைகள் மட்டும் துணிக்குள் முட்டிக்கொண்டு தெரிந்தன, சகிக்கவில்லை. முகத்தை மூடி வைப்பதற்கா இவர்களைத் தூக்கி வந்தேன். எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி விரித்தேன். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், உள்ளே பார்க்கிறாள், முகம் மாறுகிறது, செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போகிறாள், கேள்வி என் வாயிலேயே நிற்கிறது, இதையே காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அவள் செருப்பின் நிறம் மட்டும் மாறுகிறது. மறுபடி எடுத்தேன். சேலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், மழைச்சத்தம் தகரக் கூரையிலிருந்து இறங்கித் தலைக்குள் போய்விட்டது. குவான் யின்களில் ஒருத்தி லேசாகத் தலையைச் சாய்த்த மாதிரி இருக்கிறது. சாப்பாட்டு மயக்கம். மதியம் இரண்டு வாய் ரசஞ்சோறுதான் இறங்கியது, அதற்கே மயக்கம்.

அக்காவுக்கு இவற்றைப் பற்றி என்ன தெரியும், என்னைவிட நிறையத் தெரிந்திருக்கும், நான் செய்த கூத்தெல்லாம் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவாள். அந்த நடுத்தட்டு துவா பெக் கோங்குக்கு மூக்கும் நெஞ்சும் மொட்டையாக இருப்பது என் கைங்கரியம். வாங்கி வந்த புதிதில், முகமெல்லாம் புகை படிந்து பாவமாக இருக்கிறாரே என்று வெள்ளிக்கிழமை பார்த்து நல்லெண்ணெய் காய்ச்சி, இளஞ்சூட்டில் எண்ணெய்க்காப்புச் செய்தேன், கொஞ்சம் சீயக்காயும் போட்டேன். நம் சாமிகளுக்கு அதுதானே செய்கிறோம், கருங்கல் தாங்கும், அரக்கும் தங்கத்தகடும் தாங்குமா. தேய்க்கத் தேய்க்கத் தங்கம் என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கையெல்லாம் மினுமினுக்க ஓங் கடைக்கு ஓடினேன், அவர் என் கையைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊதுவத்திச் சட்டியைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டியபோதும் அதே முகம். நூறு வருஷக் கறுப்பு டீச்சர், நூறு வருஷம், என்று மட்டும் சொன்னார். வருஷக் கடைசியில் அடுப்படிச் சாமி மேலே போய் வீட்டு நடப்பைச் சொல்லுமாம், நல்லதாகச் சொல்லட்டும் என்று வாயில் தேன் தடவுவார்கள், நான் சர்க்கரைப் பொங்கல் அப்பினேன், எறும்பு வந்து சாமியின் பாதி மீசையைக் கொண்டுபோய்விட்டது. என் கையில் சிக்கிய சீனச் சாமிகள் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒருவேளை எனக்கும் இப்படித்தானோ, யாரோ வீட்டுப் பிள்ளையைத் தூக்கிவந்து எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு, என் மேலிருந்த ஏதோ ஒன்று தேய்ந்து போய்விட்டதோ, அது என்னவென்று சொல்ல எனக்கென்று ஓர் ஓங்கும் இல்லை. சீ, என்ன நினைப்பு இது. அம்மா காதில் விழுந்தால் துடைப்பத்தை எடுப்பாள்.

அம்மா என்றால் அங்கம்மா. வளர்த்த அம்மா என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது, அம்மா என்றால் அம்மாதான். தவமணி என்று பெயர் வைத்தவள், தவம் கிடந்து பெற்ற மணியாம், பெறாமலே. பால்மரம் வெட்டப் போகும்போது என்னைச் சாக்குத் தொட்டிலில் போட்டு இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவில் கட்டிவிட்டுப் போவாள், தோட்டத்து லயவீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, "ஏய் அங்கம்மா, ஒன் அமோய் முழிச்சிருச்சி" என்று கத்துவார்களாம். அமோய். சீனத்துப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல், எனக்குப் பழகிப்போனது. மார்க்கெட்டில் கீரைக்காரன் மலாயில் விலை சொல்வான், நான் தமிழில் பேரம் பேசுவேன், அவன் கட்டைக் கீழே போட்டுவிடுவான். பள்ளிக்கூடத்துக்கு வந்த அதிகாரி என் முன்னால் நின்றுகொண்டே தமிழ் டீச்சர் எங்கே என்று தேடினார், நான் எட்டு வேற்றுமையையும் வரிசையாக ஒப்பித்துக் காட்டினேன், மனிதர் மறுபேச்சுப் பேசவில்லை. இதெல்லாம் சொல்லிச் சிரிக்க நன்றாக இருக்கும். ஆனால் கண்ணாடியின் முன்னால் பொட்டு வைக்கும்போது சில நாள் கை நின்றுவிடும், இந்த முகம் யாருடையது, யாரோ ஒருத்தி இந்த முகத்தோடு பாலத்தடியில் அரிசி அளந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கு நான் ஞாபகம் இருக்கிறேனா. அம்மாவிடம் ஒருமுறைதான் கேட்டேன். ஏன் கொடுத்தார்கள்? அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள், "எனக்குன்னு குடுத்தாங்க, ஒனக்கென்ன அதுல கொறச்சல்?" அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்வது போல இருந்தது. இப்போது அக்கா வருகிறாள் என்று பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறேனே, இது மட்டும் துரோகம் இல்லையா அம்மா, சொல்.

மழை கொஞ்சம் குறைகிறதா, இல்லை என் காதுதான் பழகிவிட்டதா. கண்ணை மூடினால் ஒரு கடை தெரிகிறது, நான் போகாத கடை, கஸ்தூரி போனில் எடுத்துக் காட்டியது கூட இல்லை, வேறொன்று, நீளமாக இருட்டாக, உப்புக்கண்டமும் மண்ணெண்ணெயும் மணக்கிற கடை. உள்ளே கடைசியில் ஒரு சிவப்பு விளக்கு. விளக்குக்கடியில் சாமி. அது எந்தச் சாமி என்று பார்க்கக் கிட்டப் போகப் போகக் கடை நீண்டுகொண்டே போகிறது. இந்தக் கனவு எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. கனவா, இல்லை ஒரு மாதத்துக் குழந்தையின் கண்ணில் அந்த விளக்கு ஒட்டிக்கொண்டதா, ஒரு மாதத்துக் குழந்தைக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது என்று கஸ்தூரி சொல்லிவிட்டாள், அவள் நர்ஸ், அவளிடம் கனவைச் சொல்லக்கூடாது. நான் வாங்குகிற ஒவ்வொரு சாமியையும் முதலில் அந்த விளக்கடியில் வைத்துத்தான் பார்ப்பேன். இவரா, இல்லை. இவளா, இல்லை. பொருந்தாது, இருந்தாலும் வாங்குவேன். சாமிகள் பெருகப் பெருக இந்தக் கூடமே அந்தக் கடை மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் ஒரு சீனத்தி உள்ளே வந்து, அடடே, இது நம் வீடு மாதிரி இருக்கிறதே என்று சொல்வாள், சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். வேண்டுமென்றே அப்படி நினைத்துச் சேர்த்தேன் என்று சொல்ல மாட்டேன். வேண்டாமென்றும் சேர்க்கவில்லை. தூக்கமும் விழிப்பும் இல்லாத இந்த நேரத்தில் எல்லாச் சாமியும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, அவர்களும் யாரையோ எதிர்பார்த்துப் பட்டுக் கட்டி உட்கார்ந்திருப்பவர்கள்தானே.

சரி, அவள் பதில் சொல்லிவிட்டால்? பதில் என்று என்ன இருக்க முடியும். வறுமை என்பாள், வறுமையென்றால் மூத்தவளை ஏன் வைத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளை என்பாள், அவளும் பெண்தான். அழகில்லை, அழுதாள், நோஞ்சான், யாருக்குத் தெரியும். எனக்குப் பயம் அதுவல்ல. அக்கா தலையைச் சொறிந்துகொண்டு, என்னமோ தெரியலையே, ஞாபகம் இல்லையே என்று சொல்லிவிட்டால், அதுதான் பயம். ஆயுசு முழுக்க நான் தூக்கிக்கொண்டு திரிந்த கேள்வி அந்த வீட்டில் யாருக்கும் ஒரு விஷயமாகவே இல்லை என்று தெரிந்துவிட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன். அதைவிட மழை பெய்யட்டும். பாலம் மூழ்கட்டும். கார் டயர் காற்றுப் போகட்டும். கார் வந்துவிட்டது.

குடைக்கடியில் கஸ்தூரியின் தோளுக்குக் கூட எட்டாத ஒரு சின்ன உருவம். நரைத்த கிராப்பு, பூப்போட்ட சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி. எத்தனை நிறத்தில் செருப்பு நினைத்தேன், அவள் போட்டிருந்தது பூட்ஸ். நான் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன், அத்தனையும் மழையோடு போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் நெற்றி அவளிடம் இருந்தது. மேட்டு நெற்றி, நடுவில் லேசாகப் பள்ளம், நான் பொட்டு வைக்கிற இடம், அங்கே ஒன்றும் இல்லாமல் வெறுமையாக.

"என்னா மழை லா ஒங்க ஊர்ல" என்றாள் அக்கா. "தங்கச்சி, சாப்டாச்சா?"

தமிழ். லயத்துத் தமிழ், என் தமிழைவிடச் சரளமாக. காலமெல்லாம் தோட்டத்து ஜனங்களுக்குக் கடை மேசைக்குப் பின்னாலிருந்து அரிசியும் சாடின் டின்னும் விற்ற தமிழ், கஸ்தூரி முன்பே சொல்லியிருந்தாள், ஆனாலும் கேட்டதும் தலையை மட்டும்தான் ஆட்டினேன். கஸ்தூரி தேத்தண்ணி கலக்க உள்ளே போனாள், போகிற போக்கில் மூடாத தட்டுகளைப் பார்த்து என்னை முறைத்துவிட்டுப் போனாள். அக்கா கூடத்து நடுவில் நின்று மெதுவாகச் சுற்றிலும் பார்த்தாள். நான் கையிலிருந்த சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இம்பூட்டு சாமியா!"

"ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா அடுத்த ரூம்ல உக்காரலாம் அக்கா."

"எனக்கு என்னா கஷ்டம்? நான் சர்ச்சுக்குப் போற ஆளு." சங்கிலியை இழுத்துக் காட்டினாள், முனையில் சின்னச் சிலுவை. "இப்ப அங்கேருந்துதான் வரேன். அம்மாவும் சர்ச்சுதான். எங்க வீட்ல சாமி படம் கூட கெடையாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூட வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம், இத்தனை தட்டு, ஜெகநாதனின் கேரம் பலகை, நம் வீடு மாதிரி இருக்கிறதே என்று ஒருத்தி சொல்லட்டும் என்று காத்திருந்த கூடம், அந்த வீட்டில் சாமி படம் கூடக் கிடையாதாம். துவா பெக் கோங்குகள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது, சிரிக்கட்டும், மூக்கு தேய்ந்தவர் கூடச் சிரிக்கட்டும். அக்கா புலிச்சாமிக்கு முன்னால் குனிந்து பார்த்தாள், பட்டுத்திரையைத் தடவினாள், ஒரு விருந்தாளி செய்கிற மாதிரி நல்லா இருக்கு நல்லா இருக்கு என்றாள். பிறகு ஊதுவத்திச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு நின்றாள். சீனக் கோயில்களில் எல்லோரும் பார்த்திருப்பார்கள், பாதி நிலா மாதிரி இரண்டு கட்டை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருட்டு, சிவப்புச் சாயம். சாமியிடம் கேள்வி கேட்டுவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாந்து ஒன்று குப்புற விழுந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. ஓங் கடையில் ஒரு சாமியோடு சேர்ந்து வந்த ஜோடி, நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை, தூசு தட்டும்போது எடுத்து வைப்பதோடு சரி. அக்கா அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதே மாதிரிதான். இதைவிடக் கொஞ்சம் பெருசு."

சொல்லிவிட்டு அக்கா கட்டைகளுக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"நீ பொறந்த வாரமே அப்பா படுத்துட்டாரு. ரத்தமா வாந்தி. கோயில் ஆளு வந்து பாத்தான். பிள்ள பொறந்த நேரம் அப்பாவுக்கு ஆகாது, வேற ஜாதிக்கு குடுத்துருங்க, அப்பத்தான் கண்ணு படாதுன்னான். அப்பா சரின்னுட்டாரு. அம்மா ஒத்துக்கல. நான் சாமிய நேரா கேக்குறேன்னாங்க. காலையில ஒக்காந்தாங்க. ஒன்ன மடியில வச்சிக்கிட்டு, வச்சிக்கலாமா, வச்சிக்கலாமான்னு கேட்டு கேட்டு போட்டாங்க. ரெண்டும் குப்புற. மறுபடி போட்டாங்க. ரெண்டும் குப்புற. கடைக்கு வந்தவங்க எல்லாம் நின்னு பாத்துட்டு சாமான் வாங்காம போனாங்க. ஒரு தடவ சரியா விழுந்துச்சு, அம்மா சத்தம் போட்டு அழுதாங்க, சந்தோசத்துல. ஆனா சேந்தாப்ல மூணு தடவ விழுவணும்ல, அப்பத்தான் கணக்கு. அடுத்தது விழுவல. வெயிலு தாழுற வரைக்கும் போட்டாங்க."

மழை நின்றிருந்தது. எப்போது நின்றதோ.

"அம்மா கண்ண மூடிக்கிட்டுத்தான் போடுவாங்க. தொறக்க பயம். நான் சின்ன பிள்ள, கீழ உக்காந்து பாத்து சொல்லுவேன். அலமாரிக்கு அடியில ஓடிருச்சுன்னா நான்தான் பொறுக்கிட்டு வந்து குடுப்பேன்." அக்கா தரையைப் பார்த்தாள். "அப்புறம் அப்பா எந்திரிச்சி வந்து கட்டைய புடுங்கிட்டாரு. ஒன்ன தூக்கிட்டு போன அன்னைக்கே அம்மா சாமிய எடுத்துட்டு போயி மரத்தடியில வச்சிட்டாங்க. கண்ணு மேல காயிதம் ஒட்டணும்ல, அது கூட ஒட்டல. நல்லா பாத்துக்கிட்டு நில்லுன்னு சாமிகிட்ட சொன்னாங்க. பொறவு யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல. சர்ச்சுல கட்டை போட வேணாம்ல, அதான் அம்மாவுக்கு சர்ச்சு புடிச்சிருச்சி."

நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியில் இல்லை, தரையில். அரிசி அளந்துகொண்டிருந்தவள் என்று நினைத்தேனே, அவள் கட்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை ஏன் கொடுத்தாய் என்று நான் கேட்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள், காலையிலிருந்து வெயில் தாழும்வரை, என்னை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சூடு என் மேல் பட்டிருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு துக்கமான ஒன்றைக் கேட்டுவிட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது, சுவர் மூன்றிலும் இருக்கிற இத்தனை பேர் மேலும், ஒருத்தருக்காவது ஒரு கட்டையைப் புரட்டிப்போட மனம் வரவில்லையே, இவர்களுக்கா எண்ணெய் தேய்த்தேன், இவர்களுக்கா பொங்கல். எழுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் போட்டுவிட்டு வர வேண்டும் போல இருந்தது. எழவில்லை. கையை நீட்டிக் கட்டைகளை எடுத்தேன். அவை உள்ளங்கைக்குச் சில்லென்று பொருந்தின.

"எப்படிக் கேக்கணும் அக்கா?"

"எங்க பாஸ்டர் பாத்தா என்ன திட்டுவாரு" என்றாள் அக்கா. ஆனாலும் ஒரு கையைத் தரையில் ஊன்றி, முட்டி கடகடவென்று சத்தம் போட, எனக்கு எதிரே உட்கார்ந்தாள். சின்னப்பிள்ளை உட்காருகிற மாதிரி, கட்டைகள் விழப்போகிற இடத்துக்குப் பக்கத்தில். "கண்ண மூடிக்க. மனசுல கேளு. போடு."

மூடினேன். பெற்றவள் கேட்டதையே கேட்டேன், வேறு கேள்வி எனக்குத் தெரியவில்லை. வச்சிக்கலாமா. போட்டேன். தரையில் மரம் இரண்டு முறை துள்ளி அடங்கியது. பெற்றவள் பயந்த அளவுக்கு எனக்குப் பயமில்லை, இமையை ஒரு இழை தூக்கிப் பார்த்தேன். இரண்டும் குப்புறக் கிடந்தன, இரண்டு சிவப்பு முதுகு. அக்கா என் முகத்தைப் பார்த்தாள், நான் இமையை அசைக்கவில்லை. சுருங்கிய அந்தக் கை மெல்ல வந்து ஒரு கட்டையைப் புரட்டி மல்லாத்தி வைத்தது.

"பாரு, சரியா விழுந்திருக்கு" என்றாள் சத்தமாக. "இன்னும் ரெண்டு தடவ. கண்ண தொறக்காம போடு."

இரண்டாவது தடவை போட்டேன். நான் பார்த்தேன், அவள் புரட்டினாள், நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை நான் கண்ணைத் திறக்கவே இல்லை. கட்டைகள் விழுந்தன, உருண்டன, ஓய்ந்தன. எப்படி விழுந்தன என்று எனக்குத் தெரியாது. கஸ்தூரி அடுப்படியில் கரண்டி சுற்றுவது கேட்டது. பிறகு மரம் சிமெண்ட்டில் லேசாக உரசியது, அக்காவின் மூச்சு என் கைமேல் பட்டது.

"மூணும் சரி" என்றாள். "வச்சிக்கலாமாம்."